சீட்டைக் கழட்டாம சார்ஜ் போடுறது

பைக் பற்றறிக்கு சார்ஜர் வாங்குறது ஒரு வேலையே இல்ல, கையில காசிருந்தா பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிடும். அதைப் பைக்கில கொழுவுறதுதான் வேலை. எனக்குத் தெரிஞ்ச கனபேரிட்டை நல்ல சார்ஜர் இருக்குது, பெட்டியோட அலுமாரிக்கு மேல. ஏனெண்டா ஒவ்வொருமுறையும் சீட்டைக் கழட்டி, பக்கத்துப் பனலைக் கழட்டி, அந்தப் பிளாஸ்டிக் கொக்கி உடைஞ்சிடுமோ எண்டு பயந்து பயந்து இழுத்து, பிறகு ரெண்டு முதலைவாய்க் கிளிப்பையும் விரலே போகாத இடத்துக்குள்ள விட்டுக் கவ்வவைக்கிறதுக்குள்ள மனுசனுக்கு வெறுத்துப்போயிடும். ஒருக்காச் செய்வினம், ரெண்டாந்தரம் செய்யமாட்டினம். பேந்து பற்றறி செத்தாப்பிறகு "இப்ப வாற பற்றறி ஒண்டும் நிக்காது" எண்டு கதை.

வசதி வேற பாதுகாப்பு வேற எண்டு கனபேர் நினைக்கினம், நான் அப்பிடி நினைக்கேல்ல. கிளிப் கவ்வ இடமில்லாதபடியாத்தான் அது வழுக்குது, வழுக்கினா ஃப்ரேமில படுது, பட்டா பொறி பறக்குது, அதுவும் பற்றறிக்குப் பக்கத்திலயே. இன்னொரு பக்கம் பாத்தா, கொழுவுறது லேசா இருந்தாத்தான் ஆக்கள் உண்மையிலயே சார்ஜ் போடுவினம். அதால சார்ஜருக்கு எவ்வளவு செலவழிக்கிறதெண்டு யோசிக்கிற நேரத்தில பாதியை, பற்றறியில ஒருக்காப் பூட்டி வெளியில நீட்டி விடுற ரெண்டு அடி வயருக்குக் குடுங்கோ.

கொழும்பில நாங்கள் ஒவ்வொருநாளும் பைக் ஓடுறம்தானே, சார்ஜர் என்னத்துக்கு எண்டு கேக்கலாம். ஓடுறம்தான், ஆனா எவ்வளவு தூரம்? வெள்ளவத்தையில இருந்து பம்பலப்பிட்டிக்கு, பிறகு திரும்பி. காலி வீதியில சிக்னலுக்குச் சிக்னல் நிண்டு நிண்டு போகேக்க எஞ்சின் ஐட்லிங்கில தாற கரண்ட் ஹெட்லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்குமே பத்தும் பத்தாமலும் இருக்கும், இப்ப வாற கன பைக்கில ஹெட்லைட்டை அணைக்கச் சுவிட்சே இல்ல. ஸ்டாட்டர் ஒருக்கா இழுத்த கரண்டை பற்றறிக்குத் திருப்பிக் குடுக்க முதலே கடை வந்திடும். அதோட அலாம், ஜி.பி.எஸ் டிரக்கர், மணிக்கூடு எண்டு சாவியை எடுத்தாப்பிறகும் குடிக்கிற சாமான்கள் இருக்குது. 10 மில்லி அம்பியர்தானே எண்டு விடுவம், ஆனா கணக்குப் போட்டுப் பாருங்கோ, ஒரு நாளைக்கு 0.24 அம்பியர் அவர் (Ah, பற்றறி எவ்வளவு பிடிக்கும் எண்டுற அளவு), சின்ன ஸ்கூட்டிக்கு வாற 4 அம்பியர் அவர் பற்றறி 17 நாளுக்குள்ள வெறுமை. ஸ்டாட் எடுக்கிற பலம் அதுக்குக் கனநாள் முதலே போயிடும்.

நிப்பாட்டி வைக்கிற காலமும் எங்களுக்குக் கொஞ்சமில்ல. 2020 மார்ச் 20 ஊரடங்கு போட்டு கொழும்பில மே மாசக் கடைசி மட்டும் இழுத்துது, ஒழுங்கை ஒழுங்கையா பைக்குகள் கவர் போட்டபடி நிண்டதுகள். 2022 இல பெற்றோல் இல்ல, பெற்றோலுக்கு கியூ.ஆர் கோட் முறை வந்தாப்பிறகு தொடக்கத்தில பைக்குக்கு கிழமைக்கு 4 லீற்றர். ரெண்டு தரமும் திறந்துவிட்ட உடன பற்றறிக்கடையிலதான் சனம். ஈய அமில பற்றறியை வெறுமையா விட்டா தகட்டில சல்ஃபேட் படிகம் கட்டி இறுகும், இறுகினது பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுக்கக் கரையாது. எங்கட வெக்கையும் சேந்துதெண்டா, 10 டிகிரி கூடக்கூட பற்றறி தன்பாட்டில இறங்குற வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. குளிர்நாட்டுக்காரன் பனிக்காலத்துக்கு எண்டு வாங்கிற சாமானை நாங்கள் வெயிலுக்காக வாங்கவேண்டிக் கிடக்கு. தள்ளி ஸ்டாட் பண்ணலாம், கிக் அடிக்கலாம் எண்டு சொல்லுறவைக்கு ஒண்டு, இன்ஜெக்ஷன் பைக்கில பெற்றோல் பம்புக்கே கரண்ட் வேணும், பற்றறி சுத்தமாச் செத்திருந்தா நீங்கள் என்னதான் உதைஞ்சாலும் கனதரம் எழும்பாது.

சார்ஜ் போட முதல் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைச்சிருங்கோ, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில மலிவா எடுக்கலாம். பைக்கைச் சில மணித்தியாலம் சும்மா விட்டிட்டு அளக்கவேணும், ஓடிவந்த சூட்டோட அளந்தா பொய்க்கணக்கு காட்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல நிண்டா நிரம்பியிருக்கு எண்டு அர்த்தம், ஏ.ஜி.எம் எண்டுற, தண்ணி விடாத மூடின பற்றறி எண்டா 12.8 அளவில நிக்கும். 12.2 எண்டா பாதி. 12 க்குக் கீழ எண்டா இண்டைக்கே போடுங்கோ. பிறகு எஞ்சினைப் போட்டு கொஞ்சம் முறுக்கி அளந்து பாருங்கோ, 13.8 இல இருந்து 14.5 க்குள்ள வரவேணும். வரேல்ல எண்டா பிழை பெரும்பாலும் பற்றறியில இல்ல, எஞ்சினில கரண்ட் உண்டாக்கிற கொயிலிலயோ (coil) வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரிலயோ, அதுக்கு சார்ஜர் வாங்கிப் பிரயோசனமில்ல.

சார்ஜரைப் பற்றிக் கனக்கச் சொல்ல ஒண்டுமில்ல. பற்றறியில எழுதியிருக்கிற அம்பியர் அவரில பத்தில ஒண்டு, அதுதான் பழைய கணக்கு, 4 க்கு 0.4, 9 க்கு 0.9. கார் கராஜில இருக்கிற 10 அம்பியர் சார்ஜரை ஸ்கூட்டி பற்றறிக்குக் குடுக்கிறது தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள ஃபயர் பிரிகேட்காரன்ட பைப்பைப் பிடிக்கிற மாதிரி. 1 அம்பியருக்குக் கிட்டவான, நிரம்பினாப்பிறகு தானா 13.2 இல இருந்து 13.8 க்குள்ள இறங்கி நிக்கிற ஸ்மார்ட் சார்ஜர் போதும். ஒப்டிமேட், பற்றறி டென்டர், சிடெக் எண்டு பேர்பெற்ற சாதிகள் இருக்குது, விலை கூட. மலிவானதெண்டாலும் பரவாயில்ல, ஆனா ரெண்டு விசயம் பாருங்கோ. ஒண்டு, கரண்ட் போய் வந்தா தானா திரும்பத் தொடங்குதா எண்டு, 2022 மார்ச் 31 இல 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாடு இது, பட்டன் அமத்தினாத்தான் தொடங்கும் எண்டுற சார்ஜர் எங்களுக்குச் சரிவராது. மற்றது, சூட்டுக்கேத்தமாதிரி வோல்டேஜைக் குறைக்குமா எண்டு. 25 டிகிரியை விட 10 டிகிரி கூடினா 12 வோல்ட் பற்றறிக்கு கிட்டத்தட்ட 0.2 வோல்ட் குறைச்சுப் போடவேணும், எங்கட பார்க்கிங்குகள் மத்தியானத்தில எப்பிடி வேகும் எண்டு உங்களுக்கே தெரியும்.

இப்ப வயருக்கு வருவம். கடையில இதைப் பிக்டெயில் எண்டுவினம், ஒரு பக்கம் பற்றறி போல்ட்டில பூட்டுற ரெண்டு வளைய லக், மற்றப் பக்கம் ரெண்டு பின் உள்ள தட்டைக் கொனெக்டர், எஸ்.ஏ.ஈ எண்டு சொன்னா விளங்கும், நடுவில ஒரு பியூஸ். கன சார்ஜர் பெட்டிக்குள்ளயே ஒண்டு சும்மா வரும், ஆக்கள் அதைத் திறந்தே பாக்கிறேல்ல. தனியா வேணுமெண்டா பஞ்சிகாவத்தைப் பக்கம் போகலாம். அங்க ஒரு நானா எனக்குச் சொன்னது, "தம்பி, பியூஸ் இல்லாத வயர் சும்மா தந்தாலும் எடுக்க வாணாம்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சார்ஜர் தாறது ஒரு அம்பியர்தான், ஆனா அந்த வயர் இனி எந்தநேரமும் பற்றறியோடதான் இருக்கப்போகுது, எங்கயாவது உரஞ்சுப்பட்டு ஃப்ரேமில முட்டினா இந்தச் சின்னப் பற்றறியே நூறு அம்பியருக்கு மேல கக்கும், வயர் சிவந்து சீட்டுக்குள்ள பத்தத் தொடங்கும். அதால பியூஸ் பிளஸ் பக்கத்தில, டேர்மினலுக்கு எவ்வளவு கிட்ட ஏலுமோ அவ்வளவு கிட்ட. தூரத்தில போட்டா பற்றறிக்கும் பியூஸுக்கும் இடையில இருக்கிற துண்டுக்குக் காவலே இல்ல. 5 இல இருந்து 7.5 அம்பியர் பியூஸ் தாராளம்.

பொருத்தேக்க ஒழுங்கு முக்கியம். சாவியை எடுத்திட்டு, கழட்டேக்க கறுப்பு முதல், பூட்டேக்க சிவப்பு முதல். காரணம் விளங்கினா மறக்காது, பைக்கின்ர இரும்பு முழுக்க மைனஸ், மைனஸ் பூட்டியிருக்கேக்க சிவப்பில ஸ்பானரை வைச்சு மற்ற நுனி ஃப்ரேமில பட்டா ஸ்பானரே ஷோட் ஆகிடும். கறுப்பு முதலே கழண்டிருந்தா ஃப்ரேமில எங்க பட்டாலும் ஒண்டுமில்ல. மோதிரம், கைச்சங்கிலி கழட்டிவைக்கிறது நல்லம், பாக்கிறவை சிரிச்சா சிரிக்கட்டும்.

இந்த வேலையில ஆக்களுக்கு விசர் வாறது அந்தச் சதுர நட்டாலதான். கன பைக் பற்றறியில டேர்மினலுக்குள்ள நட் சும்மா கிடக்கும், போல்ட்டைக் கொண்டுபோற நேரம் கீழ இறங்கிடும், இப்ப லக் ரெண்டு சேந்து தடிப்பு வேற. நட்டுக்குக் கீழ ஒரு சின்னத் துண்டு ஸ்பொஞ்சை அடைஞ்சு விடுங்கோ, நட் மேல எழும்பி நிக்கும், போல்ட் ஒரே தரத்தில பிடிக்கும். பைக்கின்ர சொந்தத் தடிச்ச வயர் டேர்மினலோட ஒட்டி அடியில, சார்ஜர் லக் அதுக்கு மேல. ஈயம் மெதுவான சாமான், வடிவா இறுக்குங்கோ ஆனா பலத்தைக் காட்டாதேங்கோ. எங்கட பக்கம் கடல்காத்து எல்லாத்தையும் தின்னும், பூட்டினாப்பிறகு டேர்மினலுக்கு மேல மெல்லிசா வாஸ்லின் பூசிவிட்டா உந்தப் பச்சைப் பூஞ்சணம் கட்டுறது குறையும்.

வயரை எங்கால கொண்டுவாறது எண்டுறதில அவசரப்படாதேங்கோ. சைலன்சர் பக்கம் வேண்டாம், செயின் பக்கம் வேண்டாம், ஹேண்டில் திரும்பேக்க நசுங்குற இடம் வேண்டாம், சீட்டின்ர இரும்புத்தட்டு அமத்துற இடம் கட்டாயம் வேண்டாம். ஏற்கனவே இருக்கிற வயர் கட்டோட சேத்து கேபிள் டையால கட்டிக்கொண்டு வந்து, இடது பக்கப் பனலுக்குக் கீழ கை எட்டுற இடத்தில கொனெக்டரை விடுங்கோ, வாய் கீழ பாத்தபடி. மழைத்தண்ணி நிக்காது. ரப்பர் மூடி ஒண்டு வரும், அதைத் துலைக்காதேங்கோ.

கொனெக்டரில ஒரு நுணுக்கம் இருக்குது, தெரியாம ஆக்கள் தாங்களா வயர் செய்து மாட்டுப்படுகினம். ரெண்டு பின்னில ஒண்டு வெளியில நீட்டிக்கொண்டிருக்கும், மற்றது ரப்பருக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பற்றறிப் பக்கம் ஒளிஞ்சிருக்கிறதுதான் பிளஸ் ஆயிருக்கவேணும், வெளியில தெரியிறது மைனஸ், அப்பிடியெண்டா மூடி கழண்டு கொனெக்டர் ஃப்ரேமில முட்டினாலும் மைனஸும் மைனஸும்தான் முட்டுது. சோலார் பனலோட வாற வயர்கள் சிலதில இது மாறி இருக்கும். வேற வேற கொம்பனியின்ர வயரைச் சேக்கிறதெண்டா முதல்தரம் மல்டிமீட்டரை வைச்சுப் பாத்திட்டுக் கொழுவுங்கோ. மாறிக் கொழுவினா நல்ல சார்ஜர் சிவப்பு லைட்டோட நிண்டிடும், மலிவுச் சார்ஜர் சிலது உள்ள எரிஞ்சுபோகும், பற்றறியை மாறிப் பூட்டினா பைக்கின்ர ரெகுலேட்டருக்குள்ள இருக்கிற டயோட்டும் சேந்து போகும்.

எங்கட ஃப்ளாட் மேல்மாடித் தம்பி ஒருவர் கேட்டார், "அண்ணை, பற்றறியைக் கழட்டாம போட்டா கம்ப்யூட்டர் எரியாதோ?" எரியாது. ஓடேக்கயே அந்தக் கம்ப்யூட்டர் 14 வோல்ட்டுக்கு மேல பாத்துக்கொண்டுதான் இருக்குது, சாவி ஓஃபில இருக்க 14.4 தாற சார்ஜர் அதுக்குப் புதுசில்ல. ஆனா செத்த பற்றறியை எழுப்பிறதுக்கு எண்டு ரிப்பேர் மோட் சிலதில வருது, 16 வோல்ட் வரைக்கும் ஏத்துற சாதி, அதுக்குக் கட்டாயம் பற்றறியைக் கழட்டி வெளியில வைக்கவேணும். உள்ள ரெகுலேட் பண்ணாத பழைய டிரான்ஸ்ஃபோமர் சார்ஜருக்கும் அதே.

வயர் இன்னும் பூட்டேல்ல, கிளிப்தான் எண்டு இருக்கிறவை இந்த ஒழுங்கை விடாதேங்கோ. சுவர் சுவிட்ச் ஓஃபில. சிவப்புக் கிளிப் பிளஸுக்கு. கறுப்புக் கிளிப்பை ஏலுமெண்டா பற்றறியில கொழுவாம கொஞ்சம் தள்ளி, பெயின்ட் இல்லாத தடிச்ச இரும்பில, எஞ்சின் போல்ட் எண்டா திறம், பெற்றோல் பைப்புக்குக் கிட்ட வேண்டாம். ரெண்டும் பிடிச்சிருக்கு எண்டு ஆட்டிப் பாத்திட்டுத்தான் சுவிட்சைப் போடுறது. கழட்டேக்க சுவிட்ச் முதல், பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு. சார்ஜ் ஏறேக்க, அதுவும் முடியிற நேரம், பற்றறிக்குள்ள தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் வரும், காத்தில 4 வீதம் கலந்தாலே பத்தக்கூடிய வாயு. தண்ணி விடுற பற்றறியில அது நேரா வெளியில வரும், மூடின பற்றறியில பெரும்பாலும் உள்ளயே திரும்பத் தண்ணியாகிடும், ஆனா அளவுக்கு மிஞ்சி சார்ஜ் போட்டா வால்வ் திறந்து அதுவும் விடும். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கேக்க கிளிப்பைப் பிடுங்கினா பொறி வாறது சரியா அந்த இடத்தில. வெடிச்சா அமிலம் முகத்துக்குத்தான். அதால பைக் கவர் போட்டபடி சார்ஜ் போடாதேங்கோ, பக்கத்தில நிண்டு சிகரெட் குடிக்கவும் வேண்டாம்.

இனி சுவர்ப் பக்கம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை எண்டு எங்க பாத்தாலும் ஃப்ளாட்டுகளில இதே பிரச்சினை, பைக் நிக்கிற இடத்தில பிளக் பொயின்ட் இல்ல. ஆக்கள் செய்யிறது, செக்கியூரிட்டி அறையில இருந்து எக்ஸ்டென்ஷன் கோட் ஒண்டை நிலத்தால இழுத்து, அதில உருண்டைப் பின்னுக்குச் சதுரப் பின் அடப்டர், அதுக்கு மேல சார்ஜர், எல்லாம் ஈரச் சீமெந்தில. 230 வோல்ட்டை ஏன் பைக் வரைக்கும் கொண்டுவாறியள்? சார்ஜரை சுவர்ப் பக்கம், நனையாத உயரத்தில ஒரு ஆணியில தொங்கவிட்டிட்டு, 12 வோல்ட் பக்கத்தை நீட்டுங்கோ. அந்தத் தட்டைக் கொனெக்டருக்கே நீட்டு வயர் விக்கிது. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில 5 மீட்டர் தூரத்துக்கு 1 அம்பியர் போய்வர 0.12 வோல்ட்தான் குறையும், பற்றறி நிரம்ப நிரம்ப கரண்ட் குறைஞ்சு அதுவும் இல்லாமப்போகும். ஆரும் மிதிச்சாலும் தண்ணி பட்டாலும் உயிருக்கு ஒண்டுமில்ல. 230 பக்கத்தை நீட்டத்தான் வேணுமெண்டா ட்ரிப் சுவிட்ச் வேலைசெய்யுதா எண்டு அதின்ர டெஸ்ட் பட்டனை அமத்திப் பாத்திட்டுச் செய்யுங்கோ. ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில இடி முழங்கத் தொடங்கினா பிளக்கைக் கழட்டிவிடுறது நல்லம், சுவிட்சை ஓஃப் பண்ணினா மட்டும் காணாது. சார்ஜரைச் சீட்டுக்கு மேல வைக்கிற பழக்கத்தையும் விடுங்கோ, அது சூடாகிற சாமான், கீழ இருக்கிறது ஸ்பொஞ்ச்.

பொதுக் கரண்டில பைக் சார்ஜ் போடுறியள் எண்டு ஃப்ளாட் கொமிட்டியில முறைப்பாடு வந்தா கணக்கோட போங்கோ. 9 அம்பியர் அவர் பற்றறி வெறுமையில இருந்து நிரம்ப 108 வொட் அவர், சார்ஜர் வீணாக்கிறதையும் சேத்தாலும் 0.15 யுனிட் அளவு. மாசம் முழுக்க கொழுவினபடி விட்டாலும், 3 வொட் எடுக்கிற சார்ஜர் எண்டா ரெண்டு யுனிட்டுக்குக் கொஞ்சம் மேல. படிக்கட்டில விடிய விடிய எரியிற ஒரு பல்ப் அதைவிடக் கூடத் தின்னும். (கணக்கைக் காட்டினாலும் சில ஆன்டிமார் ஒத்துக்கொள்ளமாட்டினம், அது வேற விசயம்.)

தண்ணி விடுற பழைய பற்றறி எண்டா மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையில மட்டம் நிக்குதா எண்டு பாத்திட்டுப் போடுங்கோ, தகடு வெளியில தெரிஞ்சா மூடுற அளவுக்கு முதலே விட்டிட்டு, மிச்சத்தை சார்ஜ் முடிஞ்சாப்பிறகு, காச்சி வடிச்ச டிஸ்டில் வோட்டர் மட்டும். லித்தியம் போட்டவைக்கு வேற சார்ஜர், ஈய அமிலச் சார்ஜரின்ர சல்ஃபேட் உடைக்கிற மோட் அதைக் கெடுக்கும், பெட்டியில லித்தியம் எண்டு எழுதியிருந்தா மட்டும் கொழுவுங்கோ.

பூட்டின வயரால வேற பிரயோசனமும் இருக்குது, டயருக்குக் காத்தடிக்கிற சின்னப் பம்ப், ஃபோன் சார்ஜர் எல்லாம் அதே கொனெக்டரில ஓடும், பம்ப் எத்தினை அம்பியர் எடுக்குது எண்டு மட்டும் பாருங்கோ. ஆனா அதால காரில இருந்து ஜம்ப் ஸ்டாட் எடுக்க வெளிக்கிடாதேங்கோ, ஸ்டாட்டர் இழுக்கிற கரண்டுக்கு அந்த பியூஸ் கண்மூடித் திறக்க முதல் போயிடும், போறதுதான் அதின்ர வேலை. போனாப்பிறகு ஆக்கள் பியூஸைப் பாக்காம சார்ஜர் பழுது எண்டு கடைக்குத் தூக்கிக்கொண்டு போவினம். அதே சைஸில ரெண்டு பியூஸ் வாங்கி, பொலித்தீனில சுத்தி சீட்டுக்குக் கீழ டேப் போட்டு ஒட்டி வைச்சிருங்கோ.